நாலடியில் பாறை தட்டிவிட்டது, எர்த் எப்படிப் போடுவது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். நாங்குநேரிப் பக்கம் வீடு கட்டுகிறீர்கள். பேஸ்மட்டம் முடிந்து சுவர் எழும்புகிறது. எர்த்துக்காக எட்டடி ராடு வாங்கி அடித்தால், நாலடியிலேயே பாறை தட்டி நின்றுவிட்டது. மிச்சத்தை அறுத்துவிடலாம், நாலடி போதும் என்கிறார் வயர்மேன். கெமிக்கல் எர்த்திங் போட்டால்தான் சரிவரும் என்கிறார் கடைக்காரர். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்தால் சும்மா சும்மா ட்ரிப் ஆகும், வேண்டாம் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். யார் பேச்சைக் கேட்பது என்று குழம்பிப்போய் இருக்கிறீர்கள்.

ராடை அறுக்காதீர்கள் தம்பி. முடிந்தால் உருவி எடுத்து வையுங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஆர்சிசிபி கட்டாயம் வையுங்கள். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அம்பாசமுத்திரம் வயக்காட்டிலிருந்து உவரி கடற்கரை வரைக்கும் முப்பது வருடத்துக்கு மேல் வயரிங் வேலை பார்த்திருக்கிறேன். எர்த் விஷயத்தில் மட்டும் ஜனங்கள் ஒரு சடங்கு மாதிரி நடந்துகொள்வதைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது. குழி தோண்டியாச்சு, கரியும் உப்பும் போட்டாச்சு, மூடியாச்சு என்று அதோடு மறந்துவிடுகிறார்கள்.

எர்த் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஈபி கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது பேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போகும் வயர்) மட்டும்தான். எர்த் உங்கள் சொந்தப் பொறுப்பு. வாஷிங் மெஷினுக்குள் ஒரு வயர் தோல் உரிந்து தகர உடம்பில் பட்டால், கரண்ட் எர்த் வயர் வழியாகக் குழிக்குப் போய், மண்ணுக்குள் இறங்கி, டிரான்ஸ்பார்மரின் எர்த் வழியாக அதன் நியூட்ரலுக்குத் திரும்புகிறது. இது ஒரு சுற்று. வழியில் இருக்கும் மண்ணும் அந்தச் சுற்றில் ஒரு பகுதி. வயர் எவ்வளவு தடியாக இருந்தாலும், மண் வழிவிடாவிட்டால் கரண்ட் போகாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓம்-மீட்டரில் அளப்பார்கள். சுமாரான ஈரமுள்ள செம்மண்ணுக்கு 100 ஓம்-மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 17 மிமீ தடிமனுள்ள எட்டடி ராடை முழுதாக அடித்தால் கிடைப்பது ஏறக்குறைய 40 ஓம் தடை. 230 வோல்ட்டை 40-ஆல் வகுத்தால் ஆறு ஆம்பியர்கூட வராது. உங்கள் பிளக் பாயிண்ட்டுக்கு இருக்கும் 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் விழும் சுவிட்ச்) இதைக் கண்டுகொள்ளாது. சாதாரண வீட்டுக்கு வைக்கும் பி வகை எம்சிபி சட்டென்று விழ வேண்டுமென்றால் அதன் அளவைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கு கரண்ட் வேண்டும். சி வகைக்கு ஐந்திலிருந்து பத்து மடங்கு. ஆக, எம்சிபி விழாது, மெஷின் உடம்பில் 200 வோல்ட் பக்கமாக நின்றுகொண்டே இருக்கும். அதைவிட மோசம் ஒன்று உண்டு. அதே எர்த்தில்தானே பிரிட்ஜும் கிரைண்டரும் கீசரும் கட்டியிருக்கிறது? அவற்றின் உடம்பிலும் அதே 200 வோல்ட் ஏறிவிடும். கோளாறு மெஷினில், ஷாக் அடிப்பது அடுக்களையில்.

இதனால்தான் ஆர்சிசிபி. பேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். நாம் கணக்குப் போட்ட ஆறு ஆம்பியர் அதற்கு ஏகப்பட்டது. எர்த் 100 ஓம் இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். எர்த்தே இல்லாமலும் ஆர்சிசிபி வேலை செய்யும், ஆனால் அப்போது கரண்ட் கசிய வழி இருக்காது. ஒருவர் கை வைத்து அவர் உடம்பு வழியாகக் கரண்ட் இறங்கிய பிறகுதான் அது விழும். எர்த் இருந்தால், தோல் உரிந்த அந்த நிமிஷமே, யாரும் தொடுவதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். அதனால் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

சரி, இப்போது மண்ணுக்கு வருவோம். நம்ம நெல்லைச் சீமையில் இதுதான் பெரிய விஷயம். மானூர், கங்கைகொண்டான் பக்கம் கரிசல். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒற்றை ராடே பத்து ஓமுக்குள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ராடைச் சுற்றி வெடித்துவிட்டால் பிடிமானம் போய்விடும், அதனால் அங்கே ஆழமாக அடிக்க வேண்டும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி மாதிரி தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிறவர்களுக்குக் கவலை குறைவு, கார், பிசானம் என்று இரண்டு நெல் போகமுமாக வருடத்தில் பாதி நாள் ஈரம்தான். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடிப் பக்கம் மேலே செம்மண், கீழே சரள், அதற்குக் கீழே பாறை. திசையன்விளைத் தேரிதான் (செம்மணல் காடு) எல்லாவற்றிலும் கஷ்டம். காய்ந்த மணல் 1000 ஓம்-மீட்டரைத் தாண்டும். நம்ம கணக்கில் அப்படியே பத்தால் பெருக்குங்கள், எட்டடி ராடுக்கு 400 ஓம்.

தேரியில் நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்லியாக வேண்டும். சித்திரை மாதம். "பிரிட்ஜைத் தொட்டா சுர்ருங்குது அண்ணாச்சி, வெறுங்காலோட அடுக்களைக்குப் போகவே பயமா இருக்கு" என்று அந்த வீட்டம்மா போனில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் எர்த் குழி அத்தனை லட்சணமாக இருந்தது. சிமெண்ட் தொட்டி, மூடி, தண்ணீர் ஊற்றப் புனல் வைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், எல்லாம் உண்டு. மூடியைத் திறந்து கையை விட்டேன். மணல் சீனி மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. பால் காய்ச்சிய அன்றைக்கு ஊற்றிய தண்ணீர்தான், அப்புறம் ஒரு குடம்கூட ஊற்றவில்லை. எர்த் டெஸ்டர் (எர்த்தின் தடையை அளக்கும் மீட்டர்) 300 ஓமுக்கு மேல் காட்டியது. கோளாறு கீசரின் காயிலில், அதன் கசிவுதான் பிரிட்ஜில் வந்து நின்றது. புறவாசலில் அங்கணத்துத் தண்ணீர் போய்ச் சேரும் வாழை மூட்டுப் பக்கம் தோண்டினோம். பத்தடியில் ஈர மணல் வந்தது. அங்கே இரண்டாவது பைப்பை இறக்கிப் பழையதோடு சேர்த்ததும் 28 ஓமுக்கு இறங்கியது. அன்றைக்கே ஆர்சிசிபியும் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாலடி ராடு மட்டும் என்றால் அதே 100 ஓம்-மீட்டர் மண்ணில் 70 ஓம் வரும். அதுகூட மழைக்காலக் கணக்கு. மேல் மூன்றடி மண் வைகாசியில் பொடியாகக் காய்ந்துவிடும், அப்போது மிச்சம் நனைந்திருப்பது ஒரு அடிதான். அடியில் இருக்கும் பாறையோ கரண்டுக்கு வழியே விடாது. ராடைத் தடியாக்கினால் சரியாகுமா என்றால் ஆகாது. தடிமனை இரட்டிப்பாக்கினாலும் பத்து சதவீதம்தான் குறையும், நீளத்தை இரட்டிப்பாக்கினால் பாதி அளவுக்குப் பக்கத்தில் குறைந்துவிடும். ஆழம் கிடைக்காத இடத்தில் நீளத்தைப் படுக்கையாகக் கொடுக்க வேண்டியதுதான்.

மதிலை ஒட்டி, வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி, இரண்டரை அடி ஆழத்துக்கு முப்பது முப்பத்திமூன்று அடி நீளம் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் எடுக்கச் சொல்லுங்கள். மண்வேலை ஆள் இப்போது சைட்டில்தான் இருக்கிறார், அரை நாள் வேலை. அதில் 25 மிமீ அகலமுள்ள ஜிஐ பட்டையைப் படுக்க வைத்தால், நாம் எடுத்துக்கொண்ட அதே மண்ணில் 15 ஓம் பக்கம் வரும். முழு எட்டடி ராடு தருவதைவிட இது நல்ல எண். உருவி வைத்த ராடையும் சும்மா விட வேண்டாம். பாறை தட்டினால் 45 டிகிரி வரை சாய்த்து அடிக்கலாம் என்று அமெரிக்க நெறிமுறையிலேயே இருக்கிறது. பள்ளத்தின் ஒரு முனையில் அப்படிச் சாய்த்து அடித்துப் பாருங்கள். அதுவும் இறங்காவிட்டால் அதே பள்ளத்தில் படுக்கப் போட்டுப் பட்டையோடு வெல்டு வைத்து இணைத்துவிடுங்கள்.

இரண்டரை அடியும் வைகாசியில் காய்கிற ஆழம்தான், அதனால் பள்ளத்தை வீட்டுக் கழிவுத் தண்ணீர் போகும் பக்கமாக எடுத்தால் ரொம்ப நல்லது. குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் தினமும் ஈரம் காக்கும், குடம் தூக்க வேண்டாம். பட்டையைச் சுற்றிப் பள்ளத்தில் எடுத்த சரளையே திரும்பத் தள்ளாதீர்கள். கல் பொறுக்கிய வண்டல் மண்ணோ குளத்துக் கரம்பையோ கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்து இறுக்குங்கள். கல்லுக்கும் பட்டைக்கும் நடுவே காற்று நின்றால் அந்த இடம் வீண்.

கெமிக்கல் எர்த்திங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாமிரம் பூசிய ராடோ ஜிஐ பைப்போ, அதைச் சுற்றி ஈரம் பிடிக்கும் பவுடர். பெரும்பாலும் பெண்டோனைட் களிமண் சேர்ந்தது. பொருள் நல்லதுதான், உப்பு மாதிரி கரைந்து ஓடாது, இரும்பையும் அரிக்காது. ஆனால் அதுவும் ஆழம் கேட்கும். நாலடிப் பாறையில் அதை இறக்க மெஷின் வைத்துத் துளை போட வேண்டும். வீட்டுக்குப் போர் போடப்போகிறீர்கள் என்றால் அதே வண்டிக்காரரிடம் எர்த்துக்கும் பத்தடி துளை கேட்டுப் பாருங்கள், வண்டி வந்து நிற்கும்போது கூலி தனியாகப் பெரிதாக ஆகாது. அப்படி அமைந்தால் தாராளமாகச் செய்யலாம். இல்லாவிட்டால் அந்தப் பவுடர் மூட்டையை வாங்கிப் பள்ளத்தில் பட்டையைச் சுற்றிப் போடுங்கள், அதே பலன் கிடைக்கும்.

பழைய கரி உப்பு முறையை நான் குறை சொல்லவில்லை. உப்பு உடனே எண்ணைக் குறைத்துக் காட்டும். ஆனால் ஒவ்வொரு ஐப்பசி அடைமழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும், இருக்கிற வரைக்கும் ஜிஐ பைப்பைத் தின்னும். கடற்கரையில் இது இரட்டை அடி. உவரியில் ஒரு வீட்டில், பார்வைக்கு நல்லா இருந்த எர்த் கம்பியை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. மண்ணுக்குள் இருந்த முனை துருப்பொடியாகக் கிடந்தது. மேலே இருந்த கம்பியைப் பார்த்து ஐந்தாறு வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் எர்த் இருக்கிறது என்று நம்பியிருக்கிறார்கள்.

அதனால் போல்ட் போட்ட இணைப்புகளை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். பட்டையின் ஒரு முனையை மேலே தூக்கி, சிறு தொட்டி கட்டி மூடி போட்டு, அங்கேதான் மெயின் எர்த் கம்பியை போல்ட் போட்டு முடுக்க வேண்டும். தாமிரக் கம்பியை ஜிஐ பட்டையில் நேராக வைத்து முறுக்கினால் ஈரத்தில் துத்தநாகப் பூச்சு அரித்துப் போகும். வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனையில் மாட்டும் வளையம்) போட்டு, முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். அங்கிருந்து மெயின் போர்டுக்கு எட்டாம் நம்பர் (சுமார் 4 மிமீ தடிமன்) கம்பி, நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக. போர்டிலிருந்து ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் பச்சை வயர், பேஸ் வயர் என்ன அளவோ அதே அளவில். லைட் பாயிண்ட்டுக்குத் தேவையில்லை என்று சில பேர் விட்டுவிடுவார்கள். நாளைக்கு அங்கே ஒரு தகர பிட்டிங் மாட்டமாட்டீர்கள் என்று யார் சொல்ல முடியும்? சுவர் பூசுவதற்கு முன் எல்லா பைப்பிலும் பச்சை வயர் ஓடுகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள்.

மூன்று பேஸ் சர்வீஸ் வாங்கி மோட்டார் வைப்பதாக இருந்தால் மோட்டார் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும், அது விதி. மாடு கட்டுகிற வீடு என்றால் தொழுவத்துப் பக்கம் எர்த் குழி வேண்டவே வேண்டாம். கரண்ட் மண்ணில் இறங்கும்போது குழியைச் சுற்றிக் காலடிக்குக் காலடி வோல்டேஜ் மாறும். மாட்டுக்கு முன்காலும் பின்காலும் தள்ளி இருக்கிறது, இடையில் இருதயம். மனிதன் தப்பிக்கிற இடத்தில் மாடு விழுந்துவிடும்.

அஸ்திவாரமே இன்னும் போடாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் அரிசோனாவில், மழை குறைந்த மண்ணில், வெடிகுண்டுக் கிடங்குகளுக்கு எர்த் போட வேண்டியிருந்தது. ஹெர்பர்ட் யூஃபர் என்ற பொறியாளர் அஸ்திவாரக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையே எர்த்தாக எடுத்தார். கான்கிரீட் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்ளே கம்பி சீக்கிரம் துருப்பிடிக்காது. இருபதடி நீளத்துக்குக் கம்பியை ஒன்றோடொன்று இறுகச் சேர்த்து, ஒரு முனையை மேலே கொண்டுவந்தால் போதும். தேரிக்கும் பாறைக்கும் இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பேஸ்மட்டம் முடிந்துவிட்டது, அதனால் பட்டைதான்.

போட்ட பிறகு அளந்து பார்க்க வேண்டும். இங்கே எல்லோரும் செய்வது பல்பு டெஸ்ட். பேஸையும் எர்த்தையும் ஒரு 100 வாட் பல்பில் கொடுத்து, பளிச்சென்று எரிந்தால் "எர்த் சூப்பர்" என்பார்கள். அந்தப் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. 40 ஓம் எர்த்தில் அதனால் குறைவது 16 வோல்ட்தான், 214 வோல்ட்டில் எரியும் பல்புக்கும் 230-இல் எரியும் பல்புக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டர் இன்னும் மோசம், அது கரண்டே இழுக்காது என்பதால் மோசமான எர்த்திலும் 230 காட்டும். எர்த் டெஸ்டர் உள்ள, உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். மெயினை ஆஃப் செய்து, எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு, குழியிலிருந்து ஒரே நேர்கோட்டில் இரண்டு முளை அடிப்பார்கள். தூரத்து முளை நூறு அடிக்கு மேல் தள்ளி, நடு முளை அதில் 62 சதவீதத் தூரத்தில். உங்களுக்கு இருப்பது படுக்கைப் பட்டை என்பதால் பட்டை ஓடும் திசைக்குக் குறுக்கே அடிக்கச் சொல்லுங்கள். நடு முளையைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தியும் எண் மாறவில்லை என்றால் அளவு சரி. மழைக்காலத்தில் அளந்து சந்தோஷப்படாதீர்கள், சித்திரை வைகாசியில் ஒருமுறை அளங்கள். ஐந்து ஓமுக்குள் வரவேண்டும் என்று நம்ம ஆட்கள் சொல்வது வழக்கம். பாறை மண்ணில் அதற்காக உயிரை விட வேண்டாம், கோடையிலும் 25-க்குள் நின்று, ஆர்சிசிபியும் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆர்சிசிபி பெரும்பாலும் சும்மா ட்ரிப் ஆகாது. பக்கத்து வீட்டில் அடிக்கடி விழுகிறது என்றால் அநேகமாக அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது. பழைய கீசர் காயில், ஈரம் புகுந்த மோட்டார், அல்லது வயரிங்கில் ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றோடு சேர்த்திருப்பார்கள். இன்வெர்ட்டர் மாட்டும்போது இந்த நியூட்ரல் கலப்படம் அதிகம் நடக்கிறது. புது வீட்டில் இதை முதலிலேயே பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு ஆர்சிசிபி, ஒன்று லைட்டுக்கும் பேனுக்கும், இன்னொன்று பிளக் பாயிண்ட்டுக்கு. ராத்திரியில் பிளக் பக்கம் கசிந்து அது விழுந்தாலும் வீடு இருட்டாகாது. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். எர்த் சரியில்லை என்று பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கிவிடுகிற வேலையை மட்டும் யாரையும் செய்யவிடாதீர்கள். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டில் உள்ள இரும்புச் சாமான் அத்தனையிலும் 230 வோல்ட் வந்து நிற்கும்.

இடிதாங்கி வைப்பதாகவோ மாடியில் சோலார் போடுவதாகவோ எண்ணம் இருந்தால் இடிதாங்கிக்குத் தனிக் குழி வேண்டும், இப்போதே வீட்டின் மறுபக்கம் இடம் விட்டு வையுங்கள். பள்ளத்தை மூடுவதற்கு முன் பட்டை தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்து, பட்டை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மதிலில் பெயிண்ட்டால் குறித்துவிடுங்கள். பின்னால் மரம் வைக்கவோ பைப் போடவோ வருகிறவர் மம்பட்டியை எங்கே போடக்கூடாது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.